தலைவரைப் பார்க்கிறோமா, நிறத்தைப் பார்க்கிறோமா?

(புனேயில் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

அமெரிக்க அரசியலைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். "உங்கள் பெண் அங்கேதானே இருக்கிறாள், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பெண் அங்கே இருந்தால் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளத் தெரியும். அரசியல் தெரிந்துவிடுமா? ஆனாலும் ஆறு ஆறு மாதமாக அங்கே போய் இருந்தபோது பகல் முழுவதும் டி.வி.யும் பேப்பரும்தான் எனக்குத் துணை. அப்படிப் பார்த்ததிலும் படித்ததிலும் மனதில் தங்கிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு தலைவரை ஜனங்கள் எடை போடும்போது, அவர் கூப்பிடாமலேயே அவருடைய நிறமும் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

1982-ல் கலிஃபோர்னியாவில் கவர்னர் தேர்தல். லாஸ் ஏஞ்சலிஸ் மேயராக இருந்த டாம் பிராட்லி என்ற கறுப்பினத் தலைவர் போட்டியிட்டார். கருத்துக் கணிப்புகள் அவர் ஜெயிப்பார் என்றன. ஓட்டு எண்ணியபோது ஒரு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றுப்போனார். கேட்டவர்களிடம் "அவருக்குத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, சாவடிக்குள் போனதும் சிலர் மனதை மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். தபால் ஓட்டுகள்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 1989-ல் வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர் கவர்னர் தேர்தலில் நின்றபோதும், கணிப்புகள் காட்டிய பெரிய வித்தியாசம் கடைசியில் 7,000 ஓட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, அவர் ஜெயித்தார். கறுப்பர் ஒருவர் தேர்தலில் ஜெயித்து கவர்னரானது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை.

2008-ல் பராக் ஒபாமா ஜெயித்தபோது, இனி இந்தப் பேச்சே இருக்காது என்று பலரும் நினைத்தார்கள். அவருடைய அப்பா கென்யாவிலிருந்து ஹவாய்க்குப் படிக்க வந்த மாணவர். அம்மா கான்ஸஸில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பாதி வெள்ளை, பாதி கறுப்பு. ஆனாலும் அவரை யாரும் வெள்ளை ஜனாதிபதி என்று சொன்னதில்லை. ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்பது அந்த நாட்டின் பழைய கணக்கு. இன்னொரு பக்கம், அடிமைகளின் வழியில் வராதவரை நம்மவர் என்று எப்படிச் சொல்வது என்று கறுப்பர்களிலேயே சிலர் கேட்டார்கள். ஜனாதிபதியாகி இரண்டு வருஷம் தாண்டிய பிறகும், "இவர் அமெரிக்காவில்தான் பிறந்தாரா?" என்ற கேள்வி ஓயவில்லை. 2011 ஏப்ரலில் தம் பிறப்புச் சான்றிதழின் முழுப் பிரதியையே அவர் வெளியிட வேண்டியதாயிற்று. நம் ஊரில் ரேஷன் கார்டுக்கு அலைகிற மாதிரி, உலகத்தின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் காகிதம் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்து கமலா ஹாரிஸ். அம்மா சியாமளா கோபாலன் 1958-ல், தமது 19-வது வயதில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். பிறகு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அப்பா ஜமைக்காவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர். தன் இரண்டு பெண்களையும் இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று அம்மா தெரிந்துகொண்டு, தன்னம்பிக்கையோடு தலைநிமிர்ந்து நிற்க வளர்த்தார் என்று கமலாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 2024 ஜூலையில், சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில், இவர் இந்தியராகத்தான் இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று டிரம்ப் பேசினார். நவம்பர் தேர்தலில் கமலா தோற்றார். நிறம் ஒன்றால்தான் தோற்றார் என்று சொன்னால் அது நியாயமாகாது. விலைவாசி, குடியேற்றம், பைடன் விலகியபின் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகவே கிடைத்த அவகாசம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் "நீ யார், எந்த இனம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை அவருக்கு மட்டும் கூடுதலாக இருந்தது.

இது ஒரு கட்சியின் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். விவேக் ராமஸ்வாமியின் பெற்றோர் நம் பாலக்காட்டுப் பக்கம். அவர் குடியரசுக் கட்சி. 2024 மே மாதம் அவருடைய பேட்டி நிகழ்ச்சிக்கே வந்த அதே தரப்புப் பிரபல எழுத்தாளர் ஒருவர், "உங்கள் கருத்துகள் பலவும் எனக்குச் சம்மதம், ஆனாலும் நீங்கள் இந்தியர் என்பதால் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன்" என்ற அர்த்தத்தில் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

நம்மவர்கள் இதில் சுத்தமானவர்கள் என்று சொல்ல முடியுமா? 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போது குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் குடியுரிமை. "நான் உயர்ஜாதி ஆரியன், ஆகவே வெள்ளையன்தான்" என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வரிசை இருக்கட்டும், அதில் எனக்கும் மேலே ஓர் இடம் கொடு என்று கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. பிற்பாடு கதவு திறந்தது எப்படி? கறுப்பர்கள் அடிபட்டு, சிறை சென்று போராடினார்கள். அதே காலச் சூழலில்தான் 1965-ல் அவர்களுடைய வாக்குரிமைச் சட்டமும், நம் பிள்ளைகள் போக வழிசெய்த குடியேற்றச் சட்டமும் வந்தன.

இனி என் வீட்டு விஷயம். இருபத்தைந்து வருஷம் முன்னால், இதே புனேயில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. கென்யாவிலிருந்து கல்லூரிக்குப் படிக்க வந்த ஒரு பையன் வாடகைக்குக் கேட்டு வந்தான். "நாங்கள் சைவம்" என்றேன். "நானும் வீட்டில் மாமிசம் சமைக்க மாட்டேன்" என்றான். "சொந்தக்காரர்கள் வருகிறார்கள்" என்று அனுப்பிவிட்டேன். யாரும் வரவில்லை. மாடி நாலு மாதம் பூட்டிக் கிடந்தது.

2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்த செய்தியை டி.வி.யில் பார்த்து நான் கைதட்டினேன். சகதர்மிணி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, இவரோட அப்பாவும் கென்யாலேர்ந்து படிக்க வந்தவர்தானாமே! நம்ம மாடியைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேளா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

2020-லும் 2024-லும் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கமலாவுக்காக அபிஷேகம் செய்தார்கள், பேனர் கட்டினார்கள். அவருடைய தாத்தா கோபாலனின் பூர்வீக ஊர் அது. சந்தோஷம்தான், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் அதிகாரத்துக்கு வந்த பிறகு "நம்மாத்துப் பெண்" என்று சொல்வது சுலபம். ஒரு கறுப்பினப் பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நம் வீட்டுப் பெண் 1963-ல் எழுதியிருந்தால், நம்மில் எத்தனை பேர் ஆசீர்வதித்துப் பதில் போட்டிருப்போம்? அமெரிக்கா நிறம் பார்க்கிறது என்று குறை சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது எங்கள் மாடி மறுபடி காலியாக இருக்கிறது. அடுத்து யார் வந்தாலும் உட்காரச் சொல்லி, பெயரையும் படிப்பையும் கேட்ட பிறகுதான் மற்றப் பேச்சு என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.