கமக்காரனுக்கு எட்டாத அறிவு

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மொழியுரிமை என்றவுடன் 1956ஆம் ஆண்டே நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வாண்டு தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின்னர், அரசாங்கக் கடிதத்தை வாசிக்க இயலாத தமிழ்க் கமக்காரன் அயலாரை நாடி அலைந்தான். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், ஏட்டில் உள்ள உரிமை கந்தோருக்கு இன்னும் முற்றாக வந்து சேரவில்லை. அதனைத் தொடர்ந்து கேட்போம்.

ஆனால், கொழும்பிடம் நாம் கேட்பதை நம் கற்றோர் நம் மக்களுக்குச் செய்கின்றனரா?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையினூடே தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாம் அளவுமீறி இடும் உரம் அந்நீரிற் கலக்கின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறியுள்ளதென ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றனர். அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. இவையெல்லாம் ஆங்கில ஏடுகளில் விரிவாக உள்ளன. கிணற்றடியில் நிற்கும் தாய்மாருள் எத்தனை பேருக்கு இவை எட்டின?

உரமிடுபவன் ஒருபுறம், அதன் விளைவை அறிந்தவன் மறுபுறம். இருவருக்கும் பொதுவான பேச்சில்லையேல் சமுதாயம் கூடிச் சிந்திப்பது எங்ஙனம்? அங்கே அறிவின் இடத்தை வதந்தியே பிடித்துக்கொள்ளும்.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலாதென்போர் மானிப்பாயை எண்ணிப் பார்க்கட்டும். அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார், தமிழ் கற்றார், 1860களில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. பிறநாட்டார் ஒருவருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, விவசாய உத்தியோகத்தர்களே! உங்கள் ஆய்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதுங்கள்; அதனைக் கமக்காரர் சங்கத்துக்கு வந்து வாசியுங்கள். கமக்காரப் பெருமக்களே! விளங்காததை எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் மண்ணைப்பற்றி நீங்கள் அறிந்ததையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தமிழை ஆட்சிமொழியாகக் கேட்கும் நாம், அதனை அறிவின் மொழியாகவும் ஆளுதல் வேண்டும். அதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.