இணைப்பு அறுந்த ஆண்டில் சதுரங்கம்
(நாகபுரி தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச விழா மேடை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எதிர்பாராத இடையூறு நேருங்கால் ஒரு நிர்வாகம் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அது சங்கங்களுக்கும் உரியது; குடும்பங்களுக்கும் உரியது.

நம் இரயில்வேயில் ஒரு முறை உண்டு. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட கருவி பழுதுற்றால் வண்டியை அப்படியே நிறுத்தி வைப்பதில்லை. நிலைய அதிகாரி காகிதத்தில் அனுமதிச் சீட்டு எழுதித் தருவார், வண்டி செல்லும். முறை மாறுகிறது, எதிரே வேறு வண்டி இல்லையென உறுதி செய்யும் கடமை மாறுவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் நம் பயணி வண்டிகளே நின்றுபோன காலத்தில், 1924இல் பாரிஸ் நகரில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் இத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று.

உலக வாகை வீரரை எதிர்த்து ஆடும் உரிமைக்கான தகுதிப் போட்டி அவ்வாண்டு மார்ச்சு 17ஆம் நாள் இரஷ்யாவின் எகாதெரின்பர்க் நகரில் தொடங்கிற்று. நோய் பரவுகிறது, ஒத்திவையுங்கள் என்று அசர்பைஜான் வீரர் தைமூர் ரஜபோவ் முன்னரே வேண்டினார். கூட்டமைப்பு இசையவில்லை, அவர் விலகினார். பதினான்கு சுற்றுகளில் ஏழு முடிந்த நிலையில், விமானங்கள் நிற்கப்போகின்றன என்ற செய்தி வரவே, மார்ச்சு 26ஆம் நாள் போட்டி நிறுத்தப்பட்டது. எஞ்சிய பாதி 2021 ஏப்ரலில்தான் நடந்தேறியது. பின்னர் ரஜபோவுக்கு அடுத்த தகுதிப் போட்டியில் நேரே இடம் அளிக்கப்பட்டது. இழந்த வாய்ப்பு மீளாதெனினும், அவர் சொல்லில் நியாயம் இருந்ததைக் கூட்டமைப்பு செயலால் ஏற்றது.

இரஷ்யாவில் நடக்கவேண்டிய ஒலிம்பியாடும் தள்ளிப்போயிற்று. அதற்கு ஈடாக இணையவழிப் போட்டி ஒன்றை அமைத்தனர். 160க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. அணிக்கு அறுவர்: ஆடவர் இருவர், மகளிர் இருவர், இருபது வயதுக்குட்பட்ட ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். வீட்டு அறையில் தனித்திருந்து ஆடுபவர் கணிப்பொறியின் துணையை நாடவில்லை என்பதை யார் காண்பது? காமிராவின் வழியே நடுவர்கள் கண்காணித்தனர். ஆனந்த், கோனேரு ஹம்பி முதலியோருடன் நம் நாகபுரிச் சிறுமி திவ்யா தேஷ்முக் இந்திய அணியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

ஆகஸ்டு 30ஆம் நாள் இரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. முதற் சுற்றின் ஆறு ஆட்டங்களும் சமன். இரண்டாம் சுற்றில், உலகெங்கும் இணையச் சேவை தடைப்பட, நிகால் சரீனும் திவ்யாவும் தொடர்பிழந்து, நேரம் தீர்ந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது. முறையீட்டுக் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கூட்டமைப்பின் தலைவர் அர்க்காதி துவோர்கோவிச், இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பளித்தார்.

நாம் மகிழ்ந்தோம். எனினும் மற்றொரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. அதே போட்டியின் காலிறுதியில் நம்மோடு ஆடிய அர்மீனிய வீரர் ஒருவரும் இணைப்பறுந்தே தோற்றார். அவர்கள் முறையீடு தள்ளப்பட்டது, மனம் நொந்து அவ்வணி விலகிற்று, நன்மை நமக்கு. ஒன்று ஆட்டக்காரர் பக்கத்துக் கோளாறு, மற்றொன்று உலகளாவிய கோளாறு என்று வேறுபாடு காட்டலாம். வேறுபாடு உண்மைதான். ஆயினும் அறையில் தனித்திருந்து திரை உறைந்துபோனதைக் கண்ட இளைஞனுக்கு இரண்டும் ஒன்றே அல்லவா?

அன்பர்களே! அவ்வாண்டில் நம் காலனிக் குழந்தைகளும் கைப்பேசியில் பாடம் கற்றனர். தேர்வு எழுதும் நடுவே இணைப்பறுந்து மதிப்பெண் இழந்த குழந்தைகள் இங்கே உள்ளனர். அவர்களுக்கு முறையீட்டுக் குழு ஏது? பெற்றோராகிய நாமே அக்குழு. அந்த மதிப்பெண்ணை இன்றும் சொல்லிக்காட்டிக் குழந்தையைக் கடிதல் தகுமா? விதியைக் காத்தல் வேண்டும். விதியால் அளக்க இயலாத துன்பத்தையும் காணும் கண் வேண்டும். கூட்டமைப்பின் அவ்வாண்டு வரலாறு நமக்குக் கூறுவது இதுவே.

தள்ளிப்போன அந்த ஒலிம்பியாடு, 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை நம் மாமல்லபுரத்தில், நான்கே மாத ஆயத்தத்தில் நடைபெற்றது தமிழர்க்குப் பெருமை. அன்று திரை முன் தொடர்பிழந்த திவ்யா, 2025இல் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். ஒரு நாள் இணைப்பறுந்ததால் ஒரு குழந்தையின் வாழ்வு அறுந்துவிடுவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.