மத்தியானம் மட்டும் மக்கர் பண்ணும் நைட்ரஸ் கிட்

இந்த வாரக் கேள்வி திருச்சி கே.கே. நகர்ல இருந்து. ஒரு தம்பியும் அவர் நண்பர்களும் டிராக் ரேஸுக்காக ஒரு பழைய ஹேட்ச்பேக்ல நைட்ரஸ் கிட் மாட்டியிருக்காங்க. காலையில டெஸ்ட் பண்ணா சீறுது. மத்தியானம் அதே வண்டி, அதே சுவிட்ச். இன்ஜின் முக்குது, கறுப்புப் புகை தள்ளுது. ரிலேவை மாத்தியாச்சு, வயரிங்கை ரெண்டு தடவை பிரிச்சு மாட்டியாச்சு. "கரன்ட் எங்கண்ணா காணாமப் போகுது?"ன்னு கேக்குறார்.

முதல்ல ஒரு விஷயம். இது டிராக்குக்கு மட்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தி ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆம் பிரிவு சொல்லுது. இருங்காட்டுக்கோட்டை மாதிரி ரேஸ் டிராக்குக்கு டிரெய்லர்ல ஏத்திட்டுப் போங்க.

சரி, கிட்டுக்குள்ள என்ன நடக்குது? நைட்ரஸ் ஆக்சைடு தானா எரியாது. இன்ஜினுக்குள்ள சூட்டுல உடைஞ்சு கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும். அந்த ஆக்சிஜனுக்குக் கூடுதல் பெட்ரோலும் வேணும். அதனால இவங்க கிட்ல ரெண்டு சோலனாய்டு வால்வு: ஒண்ணு நைட்ரஸுக்கு, ஒண்ணு பெட்ரோலுக்கு. ஆர்மிங் சுவிட்ச் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா மைக்ரோசுவிட்ச் அழுந்தும், ரிலே இழுக்கும். 30ஆம் பின்ல இருக்கற பேட்டரி கரன்ட் 87 வழியா ரெண்டு சோலனாய்டுக்கும் பிரிஞ்சு போகும்.

இப்போ அந்தக் கறுப்புப் புகையைப் பாருங்க. பெட்ரோல் அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். அதாவது பெட்ரோல் சோலனாய்டு திறந்திருக்கு. அப்போ ஆர்மிங் சுவிட்ச், மைக்ரோசுவிட்ச், ரிலே மூணும் ஒழுங்காத்தான் இருக்கு. புது ரிலேக்குக் கொடுத்த காசு தண்டம்! சந்தேகம் நைட்ரஸ் சோலனாய்டு கிளை மேல மட்டும்தான்.

அதை எப்படிச் செக் பண்றது? இன்ஜின் ஆஃப். பாட்டில் வால்வை மூடி, லைன்ல மிச்சம் இருக்கற கேஸைத் திறந்தவெளியில வெளியேத்திடுங்க. பெட்ரோல் சோலனாய்டு கனெக்டரைக் கழட்டிடுங்க. இல்லன்னா இன்டேக்ல பெட்ரோல் தேங்கி, ஸ்டார்ட் பண்ணும்போது பேக்ஃபயர் ஆகும். ரிலேவை எடுத்துட்டு சாக்கெட்ல 30ஐயும் 87ஐயும் ஒரு வயரால இணைங்க. ஃபியூஸ் வழியாத்தான் கரன்ட் வரணும். 'டிக்'னு கேக்கணும்.

கேட்டாலும் விட்டுடாதீங்க. வயர் மாட்டியிருக்கும்போதே மல்டிமீட்டரை சோலனாய்டோட ரெண்டு முனையில வைங்க. கனெக்டரைக் கழட்டி அளந்தா துருப்பிடிச்ச வயர்கூட 12 வோல்ட் காட்டும். லோடு இருக்கும்போதுதான் உண்மை தெரியும். அடுத்து சோலனாய்டோட எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல போனா எர்த் சரியில்ல. பெயின்ட் மேலயே போல்ட் போட்டு எர்த் எடுக்கறது நம்ம ஊர்ல பாதிப் பட்டறையோட பழக்கம். சுரண்டி, பளபளன்னு தெரியற தகரத்துல பிடிங்க.

எல்லாம் சரியா இருந்தும் மத்தியானம் மட்டும் படுத்தினா? அது கரன்ட் விஷயமே இல்ல, வெயில். நைட்ரஸ் ஆக்சைடோட கிரிட்டிக்கல் வெப்பநிலை 36.4 டிகிரி. அந்த இடத்துலயே அழுத்தம் கிட்டத்தட்ட 1,050 பி.எஸ்.ஐ. அதுக்கு மேல பாட்டிலுக்குள்ள திரவம்னு ஒண்ணு கிடையாது. சூடு ஏற ஏற அழுத்தம் விறுவிறுன்னு ஏறும். திருச்சி சித்திரை வெயில்ல, மூடின டிக்கிக்குள்ள 36 டிகிரி எல்லாம் காலை டிபனுக்கு முன்னாடியே தாண்டிடும். பாட்டில் அழுத்தம் முழுக்க சோலனாய்டு பிளஞ்சரை அழுத்திப் பிடிச்சிருக்கு, காயிலால இழுக்க முடியல. சூடான செம்புக் காயில்ல ரெசிஸ்டன்ஸும் ஏறுமா, இழுக்கற பலம் இன்னும் குறையும். எர்த்தும் மோசமா இருந்தா கேக்கவே வேணாம்.

பிரஷர் கேஜ் ஒண்ணு மாட்டுங்க. 900லேருந்து 950 பி.எஸ்.ஐ. வரைக்கும் இருக்கும்போது ஓட்டுங்க. நிழல்ல வைங்க, ஈரச்சாக்கு சுத்துங்க. குளிர் நாட்டுக்காரங்களுக்காகக் கிட்ல வர்ற பாட்டில் ஹீட்டரை நம்ம கோடையில கழட்டியே வைக்கலாம். அதோட சுவிட்ச் ஒட்டிக்கிட்டா பாட்டில் அடுப்பு மேல இருக்கற மாதிரி.

இதோட முடிச்சிருப்பேன். ஆனா வாய்ஸ் நோட்டோட கடைசியில தம்பி போற போக்குல ஒண்ணு சொல்றார்: டெஸ்டுக்காக ஃபியூயல் பிரஷர் சுவிட்சை ஒரு வயர் போட்டு பைபாஸ் பண்ணியிருக்காங்களாம்.

இதுதான் எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. இப்போ பெட்ரோல் வருது, நைட்ரஸ் வரல, புகையோட போச்சு. உல்டாவா நடந்தா? நைட்ரஸ் மட்டும் உள்ள போய் பெட்ரோல் வரலன்னா, சில விநாடியில பிஸ்டன் உருகி ஓட்டை விழும். பெட்ரோல் அழுத்தம் குறைஞ்சா ரிலேவையே வெட்டிவிடறதுக்குத்தான் அந்த சுவிட்ச். அதுக்கும் ஒரு எல்லை உண்டு: பெட்ரோல் சோலனாய்டோட வயர் அறுந்தா அதுக்குத் தெரியாது. அதனால அந்தக் கிளையைத் தனியா செக் பண்ணணும். கழட்டின கனெக்டர்ல ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டுங்க; முழு வெளிச்சமா எரிஞ்சா அதுவரைக்கும் வயர் சரி. மங்கலா எரிஞ்சா வண்டியைக் கிளப்பாதீங்க.

தம்பி, முதல்ல அந்த பைபாஸ் வயரைப் பிடுங்குங்க. பிடுங்கிட்டு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.