பிரேக் பஞ்சு போல அமுங்கினால்



மைசூரில் யாதவகிரி என்ற இடத்தில் 1961 முதல் 1996 வரை ஒரு தொழிற்சாலை நடந்தது. ஐடியல் ஜாவா என்று பெயர். ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் அங்கேதான் உருவாயின. அந்த வண்டிகளில் இருந்தது டிரம் பிரேக். முன் சக்கரத்துப் பிரேக் வயர் தொய்ந்தால் நட்டைத் திருகுவார்கள். வயர் இறுகிவிடும். பிரேக் பிடிக்கும். இதை வண்டிக்காரரே ரோட்டோரத்தில் செய்துகொள்வார்.

இன்று ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்கு வருகிறவர்களின் வண்டிகளைப் பாருங்கள். பலவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும். இதில் வயர் கிடையாது. இறுக்க நட்டும் கிடையாது. வயர் செய்த வேலையை இதில் எண்ணெய் செய்கிறது. அதுதான் பிரேக் ஆயில்.

ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டப்பா இருக்கும். ஆயில் அதில்தான் இருக்கிறது. லிவரைப் பிடித்தால் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் கீழே போகும். சக்கரத்தில் இருக்கும் காலிப்பர் இரண்டு பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும். வண்டி நிற்கும்.

அந்தக் குழாயில் காற்று புகுந்தால் என்ன ஆகும்? ஊசி போடும் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள், ஊசி இல்லாமல். அதில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் மூடி அழுத்துங்கள். அமுங்காது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றோடு அழுத்துங்கள். எளிதாக அமுங்கும். பிரேக்கிலும் இதே கதைதான். கையின் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். பேடுக்குப் போய்ச் சேராது. பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் இருக்கும்போது, லிவர் ஹேண்டில்பார் வரை வந்தும் வண்டி நிற்காமல் போகும்.

கண்டுபிடிப்பது எப்படி? வண்டியை நிறுத்தி லிவரைப் பிடியுங்கள். பஞ்சு போல அமுங்குகிறதா? விட்டு விட்டு நாலைந்து முறை வேகமாகப் பிடியுங்கள். இப்போது கெட்டியானால், பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. பிடித்தபடியே இருக்கும்போது லிவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் அது வேறு கோளாறு. மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கெட்டிருக்கலாம். அல்லது எங்கோ ஆயில் கசியலாம்.

காற்று எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். மிகவும் இறங்கிவிட்டால் காற்று உள்ளே போகும். குழாயைக் கழற்றி மாட்டும்போதும் புகும்.

இன்னொரு வகை உண்டு. இதில் மெக்கானிக்கே ஏமாந்துபோவார். சாமுண்டி மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறார் ஒருவர். பேடு சூடாகிறது. ஆயிலும் சூடாகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. டாட் 4 என்ற ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சூடு வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவி வரும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அடிவாரம் வந்து வண்டி ஆறியதும் ஆவி அடங்கிவிடும். லிவர் பழையபடி கெட்டியாகிவிடும். கடைக்குப் போனால், “ஒன்றும் இல்லையே” என்பார்கள். ஆயிலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மலை இறங்கும்போது சின்ன கியரில் வாருங்கள். பாதி வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.

காற்றை எடுக்க இருவர் இருந்தால் நல்லது. முதலில் டப்பா மூடியின் மேல் உள்ள தூசியைத் துடைக்க வேண்டும். மூடியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். டாட் 3 என்றோ டாட் 4 என்றோ இருக்கும். அந்த ஆயிலையே வாங்க வேண்டும். எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்டை அரிக்கும். டேங்கின் மேல் ஈரத்துணி போடுங்கள்.

காலிப்பரில் ஒரு நிப்பிள் இருக்கும். அதில் ஸ்பேனரை மாட்டி, கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, மறுநுனியைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் விட வேண்டும். ஒருவர் லிவரைப் பிடித்து அப்படியே வைத்திருப்பார். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். குமிழி குமிழியாகக் காற்று வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முன்னால் விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். குமிழி நிற்கும் வரை இப்படிச் செய்ய வேண்டும். டப்பா காலியாகாமல் இடையிடையே ஆயில் ஊற்ற வேண்டும். காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அந்தக் கருவிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் இந்த முறையில் முழுதாக வராமல் போகலாம். சர்வீஸ் நிலையத்தில் அதற்கென்று இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கிலும் பேடிலும் ஆயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்ட பேடை மாற்ற வேண்டும். நிப்பிள் இறுகியிருக்கிறதா, மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். லிவர் கல் போல நின்றால், வீட்டாரை ஏற்றிக்கொள்ளலாம்.