சம்பளமில்லாப் பயிற்சியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(தொழிலாளர் குடும்பங்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பி.ஏ. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இன்று பலர் இருக்கிறார்கள். இரண்டாம் வருஷம் வந்ததும் "இன்டர்ன்ஷிப் தேட வேண்டும்" என்கிறார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று அப்பா கேட்கிறார். "கிடையாது" என்று பதில் வருகிறது. அப்பாவுக்குக் கோபம் பொங்குகிறது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகப் பேசுவோம்.

பயிற்சி என்ற சொல் மில் தொழிலாளிக்குப் புதிதா? "அப்ரண்டிஸ்" என்று பெயர் வைத்து, முழு ஆள் வேலையை வாங்கிக்கொண்டு அரைக்கூலி கொடுத்ததை நாம் கண்டவர்கள். ஆயினும் அப்ரண்டிஸுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. உதவித்தொகை கொடுத்தே தீரவேண்டும். பொருளாதாரம் படிக்கும் மாணவரின் இன்டர்ன்ஷிப்புக்கு அப்படிக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் கிடையாது. கொடுத்தால் உண்டு, இல்லையேல் ஒரு சர்டிபிகேட்!

தனியார் கம்பெனியை விடுங்கள். டெல்லியில் நிதி ஆயோக் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. குறைந்தது ஆறு வாரம். சம்பளமில்லை, மடிக்கணினியும் மாணவரே கொண்டுவர வேண்டும். ரயில் செலவு, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் யார் தலையில்? அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு அது கோடை விடுமுறை. நாற்று நடும் தாயின் மகளுக்கு அது கடன். பின்னால் நேர்காணலில் "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி மட்டும் இருவருக்கும் ஒன்றே!

ரிசர்வ் வங்கி உதவித்தொகை கொடுக்கிறது. ஆனால் அதன் கோடைப் பயிற்சி மேற்படிப்பினருக்கும் ஐந்தாண்டுப் படிப்பினருக்கும் சட்ட மாணவருக்குமே. மூன்றாண்டு பி.ஏ.வுக்கு அங்கே இடமில்லை. 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதிலும் முழுநேரம் கல்லூரியில் படிப்பவர் சேர முடியாது என்று அப்போது விதி போட்டார்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே போவது?

1916-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய் நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுத்து வரச் சொன்னார். அது 1918-ல் புத்தகமாயிற்று. அந்தக் கிராமங்களில் ஒன்று தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி. நூறாண்டு கழித்து, 2019-ல், அதே பாலக்குறிச்சியையும் பக்கத்து வெண்மணியையும் ஆய்வாளர்கள் மீண்டும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள்.

இந்த வேலையில் நம் பிள்ளைக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. நடவுக் கூலிக்கும் அறுப்புக் கூலிக்கும் வித்தியாசம் என்ன, ஷிப்டு எத்தனை மணிக்கு மாறும், கந்துவட்டி எப்படி ஏறும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகள் இருபது இடங்களுக்கு எழுதினாள். பதில் வந்தது இரண்டே. ஒன்று, மூவாயிரம் ரூபாய் கட்டினால் பயிற்சி தருவோம் என்றது. (வேலை செய்பவனே கூலி கொடுக்கும் விந்தை!) மற்றொன்று, ஒரு பேராசிரியரின் கிராமக் கணக்கெடுப்பு, தினப்படியும் பஸ் செலவும் கிடைத்தன. அவள் அங்கே போனாள். ஒரு மாதத்தில் கணினியில் அட்டவணை போடவும் கற்றுக்கொண்டாள்.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஏப்ரல் வரை காத்திருக்காதே, மார்கழியிலேயே தொடங்கு. முதலில் உன் ஆசிரியரிடம் போய், யார் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள் என்று கேள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இருக்கிறது, அங்கே எழுது. மாவட்டப் புள்ளியியல் காரியாலயத்திலும், ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் நேரில் கேள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன படித்தாய், என்ன செய்யத் தெரியும், எந்தத் தேதியிலிருந்து வரமுடியும் என்பது போதும். அப்பா மில் தொழிலாளி என்று எழுத வெட்கப்படாதே. இடம் கிடைத்தால், யார் கற்றுத் தருவார், படி உண்டா என்று வாய்விட்டுக் கேள். பணம் கேட்பவன் வாசலை மிதிக்காதே.

வருகிற ஞாயிறு காலை சங்கக் காரியாலயத்தில் விண்ணப்பம் எழுத உதவுவதற்கு இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் வருகிறார்கள். மார்க் பட்டியலின் நகலோடு பிள்ளைகளை அனுப்புங்கள்; இரவு ஷிப்டு முடிந்து வருபவர்களும் கூடவே வந்து உட்காருங்கள், டீ உண்டு.