சர்ரே நாட்டுச் சக்கரத் தச்சர்கள்
(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராமக் கைத்தொழில்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தச்சரையும் கொல்லரையும் பற்றி நாம் உங்களுக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதாகவே முடியும். ஆகவே, கடல் கடந்து இங்கிலாந்து தேசத்துக்குச் சென்று, அங்கே ஒரு கவுண்டியில், அதாவது நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு பகுதியில், முற்காலத்தில் இருந்த தொழிலாளரைப் பற்றிச் சொல்லலாமென்று எண்ணுகிறோம்.

இங்கிலாந்து என்றதும் ஆலைப் புகையும் இயந்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் அந்நாட்டுக் கிராமங்களைத் தாங்கி நின்றவர்கள் அந்தந்த ஊர்க் கைத்தொழிலாளரே ஆவர். இதற்குச் சான்று வேண்டுமாயின், கெல்லி என்ற அச்சகத்தார் வெளியிட்ட விலாசப் புத்தகங்களைப் பார்க்கலாம். சர்ரே உள்ளிட்ட ஆறு கவுண்டிகளுக்கான புத்தகம் 1845-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஊர் ஊராகப் பெயர்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கொல்லர், சக்கரத் தச்சர், சேணம் தைப்பவர், செருப்புத் தைப்பவர், மாவு ஆலைக்காரர், ரொட்டி சுடுபவர் என்று ஒரு சிற்றூரிலேயே பலர். ஒருவரே இரண்டு தொழில் செய்ததும் உண்டு. தச்சர்தான் சவப்பெட்டியும் செய்து அடக்கக் காரியங்களையும் நடத்துவார். சந்தை நகரத்துக்கு வாரத்தில் எந்தெந்த நாள் பாரவண்டி போகும், அது எந்தச் சத்திரத்தின் வாசலில் நிற்கும் என்ற விவரமும் அப்புத்தகத்தில் இருக்கும். நம் காலத்துப் பஸ் அட்டவணைக்கு அதுவே பாட்டன் எனலாம்.

சர்ரே கவுண்டி லண்டன் நகருக்குத் தென்மேற்கே உள்ளது. அதன் மேற்கு ஓரத்தில், வே என்னும் ஆற்றங்கரையில், பார்னம் என்ற சந்தை நகரம் இருக்கிறது. தானியத்துக்கும், பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் என்னும் கொடிப்பயிருக்கும் பேர்போன ஊர். இவ்வூரில் ஸ்டர்ட் என்ற குடும்பத்தாரின் சக்கரப் பட்டறை ஒன்று இருந்தது. ஜார்ஜ் ஸ்டர்ட் என்பவரின் பாட்டனார் அதை 1810-இல் விலைக்கு வாங்கினார். அதற்கு முன்பே அது பழமையான பட்டறைதான். 1884-இல் தந்தை இறந்துவிடவே, பள்ளிக்கூடத்தில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஸ்டர்ட், இருபத்தொரு வயதில், உளி பிடித்துப் பழகாத கையோடு அப்பட்டறைக்கு முதலாளியானார்.

அங்கே வேலை செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் உள்பட எட்டுப் பேர். முதலாளிக்குத் தொழில் தெரியாது என்பதை அவர்கள் எல்லோரும் அறிவர். அவர்கள் நினைத்திருந்தால் நாளை ஓட்டிக் கூலியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படி ஒருவரும் செய்யவில்லை. அவருடைய அறியாமையைப் பொறுத்துக்கொண்டு, செய்யும் வேலையில் குறை வராமல் பட்டறையைக் காப்பாற்றினார்கள். பிற்காலத்தில் அவர் அவர்களிடம் பாடம் கேட்டவராகவே தம்மைக் கருதி, 'சக்கரத் தச்சனின் பட்டறை' என்று பொருள்படும் நூலை எழுதினார். 1923-இல் வெளிவந்த அந்நூலிலிருந்து நாம் அறிந்தவற்றையே பெரும்பாலும் இங்கே கூறுகிறோம்.

வண்டிச் சக்கரத்தின் உறுப்புகள் உங்களுக்குத் தெரிந்தவையே. நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை. அங்கேயும் அவ்வாறே. ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு மரம். குடத்துக்கு எல்ம் மரம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பல துளைகள் இட்டு ஆரக்கால்களை அடித்து இறக்கினாலும் பிளவாது. ஆரக்காலுக்கு ஓக் மரம். அதை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். பிளந்தால் நார் முனைக்கு முனை ஓடும், சுமையில் முறியாது. வட்டைக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம். அது அதிர்ச்சியைத் தாங்கும்.

மரத்தை வெட்டும் பருவத்திலும் கணக்கு உண்டு. எல்மும் ஆஷும் குளிர் காலத்தில் வெட்டப்பட்டன. ஓக் மட்டும் வசந்தத்தில், சாறு ஏறும் சமயத்தில் விழும். அப்போதுதான் பட்டை சுலபமாக உரியும். நம் நாட்டில் ஆவாரம்பட்டை பயன்படுவதைப் போல, அங்கே தோல் பதனிட ஓக் பட்டை வேண்டும். ஆகவே ஒரு மரத்தில் தச்சருக்கும் பங்கு, தோல் பதனிடுவோருக்கும் பங்கு.

வெட்டிய மரத்தை அறுப்புக்குழிக்குக் கொண்டுவந்து, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று நீண்ட ரம்பத்தால் அறுப்பார்கள். குழிக்குள் இருப்பவர் நாள் முழுதும் தலையில் மரத்தூளை ஏற்றுக்கொண்டிருப்பார். இந்த ரம்பக்காரர்கள் குடிப்பழக்கத்துக்குப் பெயர் பெற்றவர்கள். ஒருவர் மதுக்கடைக்குப் போய்விட்டால் மற்றவருக்கும் வேலை கிடையாது. அவரும் பின்தொடர வேண்டியதுதான்! அறுத்த பலகையை உடனே பயன்படுத்த முடியாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு உலரவேண்டும் என்பது அவர்கள் விதி. குடத்துக்கான கட்டைகளோ பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். இன்று வாங்கிய மரம் என்றோ ஒருநாள்தான் பணமாகும். சிறு பட்டறைக்காரரின் முதல் இவ்வாறு கொட்டகையில் முடங்கிக் கிடந்ததை, தொழிலாளருக்குக் கடனுதவி பற்றிப் பேசும் நாம் சற்றே கவனிக்க வேண்டும்.

சக்கரத்தின் வடிவத்தில் ஒரு விந்தை உண்டு. அது தட்டையாக இராது. சாப்பாட்டுத் தட்டைப் போல, நடுவில் குழிந்து வெளிப்புறம் சற்று விரிந்திருக்கும். ஏன் அவ்வாறு செய்கிறீர்கள் என்று ஸ்டர்ட் கேட்டபோது, வழக்கம் என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவருக்குக் காரணம் விளங்கிற்று. குதிரை அடியெடுத்து வைக்கும்போது வண்டி இடமும் வலமும் அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் சுமை குடத்தைப் பக்கவாட்டில் இடிக்கிறது. தட்டையான சக்கரமானால் நாளடைவில் ஆரக்கால்கள் புறம்பே தள்ளப்பட்டுச் சக்கரம் குலைந்துபோகும். அந்த இடியைத் தாங்கவே குழிவு. அதற்கேற்ப அச்சின் முனையும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தரையைத் தொடும் ஆரக்கால் மட்டும் செங்குத்தாக நின்று பாரத்தைச் சுமக்கும். புத்தகம் படிக்காத தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இதைப் பிசகாமல் செய்து வந்தனர்.

பட்டை மாட்டும் நாள் பட்டறையில் திருவிழாவைப் போன்றது. கொல்லர் ஒரு சிறிய உருளையைச் சக்கரத்தின் விளிம்பில் ஓட்டி, எத்தனை சுற்று என்று எண்ணுவார். பிறகு இரும்பை அதைவிடச் சிறிது குறைவாக வளைத்து ஒட்டுவார். எவ்வளவு குறைவு என்பது அவர் கண்ணுக்கும் அனுபவத்துக்கும் உரியது. குறைவு போதாவிடில் பட்டை கழன்று ஓடும்; மிகுந்துவிட்டால் ஆரக்கால் வளைந்து சக்கரம் கெடும். பழுக்கக் காய்ச்சிய பட்டையை இரண்டு மூன்று பேர் குறடுகளால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்க, மரம் தீப்பற்றும். உடனே தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க மூட்டுகளெல்லாம் நெறுநெறுவென்று இறுகும்.

இப்பட்டறைக்கு வந்த விவசாயி பெயரில்லாத வாடிக்கைக்காரர் அல்லர். அவர் நிலம் களியா மணலா, அவர் வழி மேடா பள்ளமா, அவர் குதிரை எத்தகையது என்பதெல்லாம் தச்சருக்குத் தெரியும். அந்தப் பகுதிச் சாலைகளில் பதிந்த வண்டித் தடங்களின் அகலத்துக்குச் சக்கரங்கள் பொருந்தியாக வேண்டும்; பொருந்தாத வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் உதவாது. ஆகவேதான் ஒவ்வொரு கவுண்டியின் வண்டிக்கும் தனிச் சாயல் இருந்தது.

இவ்வளவு திறமை பெற்றிருந்தும் அத்தொழில் ஏன் தாழ்ந்தது? மோட்டார் வந்தது, ரப்பர் சக்கரம் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதற்கு முன்பே உள்ளிருந்து அரித்த ஒன்று உண்டு. அதை ஸ்டர்ட் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பட்டறையில் விலை வழக்கத்தால் நிர்ணயிக்கப்பட்டது. பாட்டன் காலத்தில் ஒரு சக்கரத்துக்கு என்ன வாங்கினார்களோ அதுவே விலை. மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, உலைக்கரிக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தவர் இல்லை. அவர் கணக்கெடுத்துப் பார்த்தபோதுதான், சில வேலைகளில் ஒவ்வொரு முறையும் நஷ்டமே வந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அந்தப் பகுதியிலேயே தம் பொருளின் அடக்க விலையை அறிந்த தொழிலாளர் ஒருவராவது இருந்தாரா என்று அவர் ஐயுறுகிறார். விலையை உயர்த்தலாமென்றால் பக்கத்துப் பட்டறைக்காரர் பழைய விலைக்கே செய்கிறார். விவசாயியும் கெட்டவர் அல்லர். தம் தந்தை கொடுத்ததைத் தாமும் கொடுத்தார், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் ஏமாற்றாமலேயே ஒரு தொழில் நலிந்தது.

பிறகு அவர் காஸ் எஞ்சின் வைத்து இயந்திர ரம்பமும் கடைசல் யந்திரமும் பூட்டினார். தம்மை நம்பிய ஆட்களுக்கு வேலை நிலைக்க வேண்டுமென்பதே அவர் கருத்து. ஆனால் இயந்திரம் ஓடத் தொடங்கியதுமே அறுப்புக்குழி பாழாயிற்று. கோடாரிக்கும் வாய்ச்சிக்கும் வேலை குறைந்தது. மரத்தின் நாரைத் தடவிப் பார்த்து முடிவு செய்தவர்கள் இயந்திரத்துக்கு மரம் ஊட்டுகிறவர்களாயினர். இந்த மாறுதலுக்குத் தாமே காரணம் என்ற உறுத்தல் அவரை விடவில்லை. அவர் செய்தது பிழை என்று கூற நமக்கு மனமில்லை. வேறு வழியும் அவருக்கு இருக்கவில்லை. எனினும் அந்த உறுத்தல் நியாயமானது என்றே எண்ணுகிறோம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்களுக்கு இன்னொரு செய்தி. பார்னத்துக்கு அருகே போர்ன் என்ற இடத்தில் ஒரு பொது நிலம் இருந்தது. ஏழைகள் அங்கே மாடு மேய்த்தனர். எரிபொருளுக்குப் புல்கட்டி வெட்டினர். பன்றிக் கொட்டிலுக்குப் பெரணித் தழை அரிந்தனர். அக்கம்பக்கத்துப் புதர்க்காடுகளில் பிர்ச் மிலாற்றையும் ஹெதர் செடியையும் கட்டித் துடைப்பம் செய்து விற்கும் குடும்பங்களும் பல. 1861-இல் போர்ன் பொது நிலம் சட்டப்படி அடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயிற்று. அப்போது பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. ஆனால் விறகு முதல் பால் வரை காசு கொடுத்து வாங்க நேர்ந்தபோதுதான், இழந்தது என்னவென்று புரிந்தது. வீட்டைச் சுற்றிப் பத்து வேலை தெரிந்திருந்தவர், கூலி ஒன்றையே நம்பி நிற்கும்படி ஆயிற்று. இதையும் ஸ்டர்ட் 1912-இல் வெளியிட்ட வேறொரு நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

அவர் 1916-இல் பக்கவாதத்தால் தாக்குண்டார். சக்கரப் பட்டறையைப் பற்றிய நூலை அந்த நோயோடுதான் முடித்தார், 1927-இல் மறைந்தார். இங்கிலாந்தின் கிராம வாழ்க்கையைக் காட்டும் பொருட்காட்சிச் சாலை ஒன்று 1951-இல் ரெடிங் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் நிறுவப்பட்டது. பழைய பண்ணை வண்டிகளை இன்றும் அங்கே காணலாம். அவற்றைச் செய்தவர்களில் பலருடைய பெயர் எங்கும் இல்லை. பார்னம் பட்டறையில் வேலை செய்தவர்களைப் பற்றி மட்டும், யார் குடம் கடைந்தார், யார் வட்டை அறுத்தார், யாருடைய கை எதில் கெட்டி என்பது வரை நமக்குத் தெரிகிறது.