விடுமுறைக் கச்சேரி



விடுமுறைக் கச்சேரியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். கச்சேரி என்றதும் அரசாங்க அதிபரின் கச்சேரியை எண்ணி எவரும் அஞ்சவேண்டாம். நாம் சொல்ல வந்தது விறாந்தையிலே பாய் விரித்து நடந்த பாட்டுக் கச்சேரி.

சென்ற மார்கழி விடுமுறையில் எமது ஊர்ப் பிள்ளைகள் 11 பேரைக் கூட்டினோம். மூத்தவனுக்கு 14 வயது; இளையவளுக்கு 6. ஒரு வயலின், ஒரு மிருதங்கம், துருத்தியை அசைத்து இயக்கும் பழைய சுருதிப் பெட்டி ஒன்று, கோயிலில் இரவல் வாங்கிய ஒரு சோடித் தாளம். இவையே எமது வாத்தியங்கள். மேடை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, பரிசும் இல்லை. ஆச்சிமார் கதிரைகளிலும் மற்றையோர் முற்றத்து மணலிலும் அமர்ந்தனர்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். சிலர் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளிலே தேறியவர்கள். சிலருக்குச் சரளி வரிசையும் தெரியாது. இவர்களை எப்படி ஒன்றாகப் பாடவைப்பது? முத்துசுவாமி தீட்சிதர் எமக்குக் கை கொடுத்தார். 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அப்பெரியார், ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்திற் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியிலே சாகித்தியம் இயற்றினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்பர். சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமின்றி நேரே செல்வதால் சிறுவருக்கு அவை எளியவை. மிஷன் பாடசாலையிலே கீதங்கள் பாடிப் பழகிய எமக்கும் அம்மெட்டுகள் அந்நியமாகத் தோன்றவில்லை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ வயலினைக் கற்று நமது இசைக்கு வசமாக்கிய முன்னோடி. இன்று வயலினைப் பிறர் வாத்தியம் என்று சொல்வார் உண்டோ?

இனி, எமது பிழை ஒன்றையும் சபையறியச் சொல்லவேண்டும். அந்த மூத்த பையன் முந்திய ஆண்டு எல்லோரிலும் இனிமையாகப் பாடியவன். இம்முறை அவனுக்கு மகரக்கட்டு. மேல் சுரங்களைத் தொடும்போதெல்லாம் குரல் உடைந்தது, சிறியவர்கள் சிரித்தார்கள். "தம்பி, இந்தமுறை நீ பாடவேண்டாம்" என்றோம். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவனுடைய ஆச்சி எம்மை ஒழுங்கையிற் கண்டு, "பாட்டு வேண்டாமெண்டால் பறவாயில்லை மோனை, பிள்ளையையெல்லே வேண்டாமெண்டு போட்டியள்" என்றார்.

வெட்கத்தோடு அவன் வீட்டுக்குச் சென்று, சுருதிப் பெட்டியை அவன் கையிற் கொடுத்தோம். கச்சேரியன்று நடுவிலே அந்த ஆறு வயதுச் சிறுமி சுருதியை விட்டு விலகி அழப்போனாள். அவன் பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தி, கீழ்ஸ்தாயியிலே ஷட்ஜத்தை மெல்லப் பிடித்தான். சிறுமி அதைக் கேட்டு மீண்டும் சேர்ந்துகொண்டாள். உடைந்துபோயிற்று என்று நாம் ஒதுக்கிய குரலே அன்று பாட்டைத் தாங்கிற்று.

பரீட்சையிலே பிள்ளை தனியே பாடுகிறது; தன் குரலையே கவனிக்கிறது. சேர்ந்து பாடும்போது பக்கத்திலிருப்பவனையும் கேட்கவேண்டும். வேகமாகப் போகிறவன் பொறுத்து நிற்கவேண்டும். பின்தங்கியவன் எட்டிப் பிடிக்கவேண்டும். பரீட்சைகள் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. சேர்ந்து பாடும் பழக்கத்தைப் பரீட்சை தரமாட்டாது என்பதே கருத்து.

வருகிற விடுமுறையிலே நமது சங்கமும் ஒரு கச்சேரி நடத்த எண்ணியிருக்கிறது. சங்கத்தின் பெயர் கெடாதிருக்க, பரீட்சையில் தேறிய பிள்ளைகளை மாத்திரம் சேர்க்கலாம் என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். அவர்களுடைய அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆயினும் பணிவோடு ஒன்று கேட்கிறோம்: கோயிலிலே கூட்டாகத் தேவாரம் ஓதும்போது நாம் எவருடைய குரலையாவது சோதித்து உள்ளே விடுகிறோமா? பாட இயலாத பிள்ளைக்குத் தாளத்தைக் கொடுப்போம். தாளம் பிடிபடாத பிள்ளைக்குச் சுருதிப் பெட்டியைக் கொடுப்போம். ஓரிரு சுரங்கள் பிசகினாற் சங்கம் குறைந்துவிடாது. வாசலில் நின்று திரும்பிப்போன பிள்ளையோ மறுபடி வருவது அரிது.

இளைஞர்களே, உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இம்முறை அழைத்துக்கொண்டு வாருங்கள். பாய் விரிக்கும் வேலையை நாம் பார்த்துக்கொள்கிறோம்.